ஆடுற ஸ்டான்ஷன்: நட்டை இறுக்கினா போதுமா, டெக்கைத் திறக்கணுமா?

ஆயர்தாவார்_தம்பி (சனி, இரவு)

எல்லாருக்கும் வணக்கம். நாங்க மூணு பேரு காசு போட்டு ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கியிருக்கோம். 32 அடி, ஃபைபர், 1980கள்ல கட்டினது. வயசான வெள்ளைக்காரத் தம்பதி ஒண்ணு ஊருக்குத் திரும்பும்போது வித்துட்டுப் போனது. இப்போ லூமுட் பக்கம் ஒரு யார்டுல கரையேத்தி வெச்சிருக்கோம். வேலை முடிஞ்சதும் மோட்டார்ல போய் பார்த்துட்டு வர்றோம்.

இஞ்சினும் பாயும் பரவாயில்ல. என் கவலை ஓரக் கம்பிதான். டெக்கைச் (மேல்தளத்தை) சுத்தி அந்தக் கம்பியைத் தாங்குற ஸ்டான்ஷன், அதாவது சின்னத் தூண், பக்கத்துக்கு அஞ்சு. இடது பக்கம் ரெண்டு, கையை வெச்சாலே ஆடுது. அடித்தட்டைச் சுத்தி டெக்குல மயிரிழை விரிசல். வயர் வெள்ளை பிளாஸ்டிக் உறை போட்ட ரகம், முனையில உறைக்கு அடியிலிருந்து பழுப்புத் தண்ணி வடியுது. போல்ட்டை மேலேருந்து முறுக்கிப் பார்த்தேன், கொஞ்சம் இறங்குச்சு. ஆட்டம் நிக்கல.

கூட்டாளி ஒருத்தர், சிலிக்கோன் அப்பி இறுக்கி புது வயர் போட்டா எதிரே இருக்கிற பங்கோர் தீவு போய் வரப் போதும்ங்கிறாரு. எனக்கு வடக்கே லங்காவித் தீவு வரைக்கும் போகணும், பிள்ளைங்களும் வருவாங்க. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

மில்பிட்டர்

தம்பி, முதல்ல ஒண்ணு. போல்ட்டை மேலேருந்து முறுக்காதே. தலை சுத்தினா அதோட கழுத்துல தண்ணி புகாம அடைச்சிருக்கிற பழைய சீலன்ட் பிஞ்சுரும், அன்னிக்கே தண்ணி இறங்க ஆரம்பிக்கும். தலையை அசையாம பிடிச்சுக்கிட்டு கீழே இருக்கிற நட்டைத்தான் திருப்பணும்.

ஆடுறதுல ரெண்டு வகை இருக்கு. குழாய் அதோட கூட்டுக்குள்ள ஆடுதா, இல்ல அடித்தட்டே டெக்கோட சேர்ந்து ஆடுதா? ஒருத்தர் மேல் நுனியைப் பிடிச்சு உள்ளேயும் வெளியேயும் தள்ளட்டும், நீ குப்புறப் படுத்து அடியைப் பாரு. குழாய் மட்டும் ஆடினா பக்கத்துல இருக்கிற சின்ன ஸ்குரூ தளர்ந்திருக்கும், இல்ல கூடு தேஞ்சிருக்கும். அது சில்லறை வேலை. தட்டோரம் தூக்கி இறங்கினா வேலை கீழே இருக்கு. விரிசல்னு நீ எழுதினதைப் பார்த்தா ரெண்டாவதுதான்னு தோணுது.

செம்பனை

பங்கோர் கண்ணுக்கெதிரே தெரியுது, ஃபெரியே சட்டுனு கொண்டு விட்டுடுது. அதுக்கு இவ்வளவா? எங்க தோட்டத்துத் தீம்பார்ல பாலத்துக்குக் கைப்பிடியே கிடையாது, யாரும் விழல லா.

லூமுட்_பென்ஷன்

செம்பனை தம்பி, அந்தப் பாலம் ஆடாது, சாயாது. படகு இரண்டும் செய்யும்.

நான் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கேள்வி கேட்ட தம்பிக்கு ஒரு சின்னக் கணக்கு. கம்பித் தூணின் உயரம் 600 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடித்தட்டில் உட்புற போல்ட்டுக்கும் தட்டின் வெளி விளிம்புக்கும் 60 மில்லிமீட்டர் இருக்கும். ஓர் ஆள் தடுமாறி மேல் வயரில் விழுந்து, தூணின் நுனியில் 100 கிலோ வெளிப்பக்கம் இழுத்தால், உள் போல்ட்டுகளை மேல்நோக்கிப் பிடுங்கும் இழுப்பு பத்து மடங்கு: 1000 கிலோ. இரண்டு போல்ட் இருந்தால் ஆளுக்கு 500.

6 மில்லிமீட்டர் நல்ல ஸ்டெயின்லெஸ் போல்ட் அதைத் தாங்கிவிடும். தாங்காதது டெக். உங்கள் படகின் காலத்தில் மேலும் கீழும் ஃபைபர், நடுவே பால்சா மரம் என்று டெக் கட்டுவது வழக்கம். பால்சா லேசானது, உலர்ந்திருக்கும்வரை கெட்டியானது. ஒரு போல்ட் துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால் ஊறி, மக்கி, கூழாகிவிடும். பிறகு நட்டை எவ்வளவு இறுக்கினாலும் மேல் ஃபைபர் கீழ் ஃபைபரை நோக்கி அமுங்கும், அவ்வளவுதான். நீங்கள் முறுக்கியபோது “கொஞ்சம் இறங்குச்சு” என்றீர்களே, இறங்கியது போல்ட் அல்ல, டெக்.

ஆகவே சிலிக்கோன் யோசனையை விட்டுவிடுங்கள். சிலிக்கோன் பட்ட இடத்தில் பின்னால் வேறு எதுவும் ஒட்டாது, புது சிலிக்கோன்கூட.

ஆயர்தாவார்_தம்பி

அங்கிள், மில் அண்ணே, ரொம்ப நன்றி. பார்த்தேன், தட்டே தூக்குது. உள்ளே கூரை லைனிங்கைக் கழட்டணும் போல. வயரைப் பத்தியும் யாராவது சொல்லுங்க. வயருக்குப் பதில் டைனீமாங்கிற செயற்கை இழைக் கயிறு போடலாம்னு ஒருத்தர் சொன்னாரு.

காற்றோடு

வயர் என் பங்கு. நவம்பர்ல நடக்கிற ராஜா மூடா ரெகாட்டாங்கிற பாய்மரப் படகுப் போட்டியில கிள்ளான் துறைமுகத்திலிருந்து பங்கோர், பினாங்கு, லங்காவின்னு படகு ஆளா (குரூ) போயிருக்கேன். ராத்திரி ஓட்டத்துல இந்த வயரை நம்பித்தான் டெக்குல நடப்போம்.

வெள்ளை உறை வயரைக் கழட்டி எறிஞ்சிடு. உறை உள்ளே உப்புத் தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும், காத்து போகாது. ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காம இருக்கிறதே மேலே படியுற மெல்லிய குரோமியம் ஆக்ஸைடு படலத்தாலதான். அது கீறினா திரும்ப உண்டாக ஆக்ஸிஜன் வேணும். உறைக்குள்ள அது இல்ல. வெளியே வெள்ளையா பளபளன்னு இருக்கும், உள்ளே இழை அறுந்திருக்கும். வேர்ல்ட் செய்லிங் கடலோட்டப் போட்டி விதிகள்ல, வயர்னா உறையில்லாத வயர்தான் கேட்கிறாங்க.

அதே விதியில உன் அளவுப் படகுக்கு, அதாவது 8.5 மீட்டரிலிருந்து 13 மீட்டர் வரைக்கும், வயர் குறைஞ்சது 4 மில்லிமீட்டர். மேல் வயர் டெக்கிலிருந்து 600 மில்லிமீட்டர், தூணுக்குத் தூண் 2.2 மீட்டருக்கு மேல போகக் கூடாது. ரெண்டு வயருக்கு நடுவே இடைவெளி 380 மில்லிமீட்டருக்குள்ள. பிள்ளைங்க வந்தா அதுக்கும் மேல வலை கட்டிடு, சின்னப் பிள்ளைக்கு 380 வாசக்கதவு மாதிரி. நீ போட்டிக்குப் போகலன்னாலும் இந்த எண்ணெல்லாம் யாரோ விழுந்ததுக்கு அப்புறம் வந்த எண்ணுதான்.

இறுக்கம்: பாய்மரத்துக்குப் பின்னாடி எந்த ரெண்டு தூணுக்கு நடுவே ரொம்ப அகலமோ, அங்க மேல் வயர்ல சுமார் 4 கிலோ தொங்கவிடு. 50 மில்லிமீட்டருக்கு மேல தொய்ஞ்சா இறுக்கணும். வீணைத் தந்தி மாதிரி இறுக்கவும் கூடாது, அந்த இழுப்பு முழுக்க படகோட முன் பின் முனையில இருக்கிற கம்பி வேலி (புல்பிட்) கால்ல போய் உக்காரும்.

டைனீமா கெட்டது இல்ல. லேசு, இழை குத்தாது, துரு இல்ல. ஆனா பழைய ஸ்டான்ஷன்ல வயர் ஓடிஓடித் துளை வாய் அரம் மாதிரி ஆகியிருக்கும், டைனீமாவை அது அறுத்துடும். துளையை வழவழப்பாத் தேய்க்கணும், இல்ல உள்ளே குழல் செருகணும். வழுக்குற கயிறு, முடிச்சு நிக்காது, முனையைக் கயித்துக்குள்ளேயே செருகுற ஸ்ப்ளைஸ்தான் போடணும். உள்ளே புதைக்கிற நீளம் கயிற்று விட்டத்தைப் போல 72 மடங்குன்னு வெச்சுக்கோ, 5 மில்லிமீட்டருக்கு 36 சென்டிமீட்டர். நம்ம வெயில்ல நூல் நூலாப் பஞ்சடிக்கும். வருஷா வருஷம் பார்க்கிற ஆளா நீ? ஆமான்னா போடு. இல்லன்னா 4 மில்லிமீட்டர் 316 ரக ஸ்டெயின்லெஸ் வயர், வேலை முடிஞ்சுது.

மில்பிட்டர்

அக்கா சொன்னதுல ஒண்ணு சேர்க்கிறேன். கயித்தைவிட வயரே மேல், என் கருத்து. மனுஷன் பார்க்க மறந்தாலும் வயர் துருவைக் காட்டி எச்சரிக்கும். டைனீமா ஒண்ணும் சொல்லாது.

காற்றோடு

அண்ணே, உறை போட்ட வயரும் ஒண்ணும் சொல்லலையே? முனையில பிரெஸ் பண்ணின உலோகக் குழல் (ஸ்வேஜ்) உள்ளுக்குள்ள விரியும்போதும் வயர் வாயைத் திறக்காது. ரெண்டையும் குனிஞ்சு பார்த்தாத்தான் உண்டு. பழைய டிஷ்யூ எடுத்து வயர்மேல இழு, அறுந்த இழை எங்கேயோ அங்க மாட்டும். கையால இழுக்காதே, கிழிச்சிடும்.

செம்பனை

சரி, நான் கேலி பண்ணல இப்போ. துருக்கறைக்கு எங்க வீட்டுல ரப்பர் பால் உறைய வைக்கிற ஆசிட் பழைய கேன் ஒண்ணு கிடக்கு, அப்பா ரப்பர் வெட்டுன காலத்துது. அதைத் தொட்டுத் துடைச்சா போயிடுமா? இல்ல குளோராக்ஸ் பிளீச்?

மில்பிட்டர்

ரெண்டும் வேணாம். அந்த ஃபார்மிக் ஆசிட் ரப்பர் பாலுக்குத்தான். கண்ணுல தெறிச்சா பார்வை போயிடும், பழைய கேன்ல என்ன பலத்துல இருக்குன்னும் தெரியாது. பிளீச் அதைவிட மோசம், குளோரைடுதான் ஸ்டெயின்லெஸுக்கு முதல் எதிரி, புள்ளி புள்ளியா குழி விழும்.

கேக் சாமான் கடையில சிட்ரிக் ஆசிட் தூள் விக்குது. ஒரு லிட்டர் வெந்நீருக்கு 100 கிராம். துணியை நனைச்சு கம்பியில சுத்தி 20 நிமிஷம் விட்டு, நல்ல தண்ணியில கழுவு. துரு போகும், மேல்படலமும் திரும்பப் பிடிக்கும். அடுப்படி இரும்பு நார் தொடாதே. அதோட துகள் ஒட்டி அடுத்த வாரமே புதுசா துரு பூக்கும். நைலோன் நார் போதும். இதையே வெல்டிங் கடைக்காரர் கிட்டயும் சொல்லு. வீட்டு கேட்டுக்கு இரும்பு அறுத்த அதே கிரைண்டர் கல்லை வெச்சு ஸ்டெயின்லெஸ் தேய்க்கிற ஆளுங்க ஊர்ல நிறைய.

ஆனா தம்பி, பாலிஷ் பண்றது சோதனை இல்ல. வெல்டு ஓரத்தைப் பாரு, குழாய் அடித்தட்டுல சேர்ற இடம். 304 ரக ஸ்டெயின்லெஸை சூடு கட்டுப்படாம வெல்டு அடிச்சா, 450 டிகிரிக்கும் 850 டிகிரிக்கும் நடுவே நின்ன ஓரத்துல குரோமியம் கார்பனோட சேர்ந்துடும். அந்தக் கோட்டுல துருப்பிடிச்சு பிளக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்கு நாங்க மில்லுல பண்றதையே பண்ணு: சிவப்பு டை ஸ்ப்ரே, துடை, வெள்ளை டெவலப்பர். விரிசல் இருந்தா வெள்ளையில சிவப்புக் கோடு எழும்பும். பாய்லருக்கு ஜேகேகேபி (வேலையிடப் பாதுகாப்பு இலாகா) ஆள் வந்து நிப்பான். உன் படகுக்கு யாரும் வர மாட்டான்.

ஆயர்தாவார்_தம்பி (அடுத்த ஞாயிறு)

லைனிங்கைக் கழட்டியாச்சு. ஆடுற ரெண்டையும் எடுத்துட்டோம். பார்த்ததை அப்படியே எழுதுறேன்.

டெக்குக்குக் கீழே இழுப்பைப் பரப்புற பேக்கிங் தட்டு கிடையாது, காசு அளவு வாஷர் மட்டும். ஒண்ணுல பிளைவுட் துண்டு இருந்துச்சு, கறுத்து, விரல் வெச்சா உள்ளே போகுது. நட்டைச் சுத்தி தேயிலைச் சாயம் போல கறை. துளைக்குள்ள வளைச்ச கம்பியை விட்டுத் திருப்பினா ஈரக் கூழ் வந்துச்சு.

ஒரு போல்ட் படம் போட்டிருக்கேன். தலையும் பளபளன்னு இருக்கு, நட்டுப் பக்கமும் நல்லா இருக்கு. டெக்குக்குள்ள இருந்த நடுப் பகுதி மட்டும் இடுப்பு ஒடுங்கி பென்சில் முனை அளவு. மத்த ரெண்டு போல்ட் நல்லா இருக்கு. அப்போ ஆடாத எட்டு ஸ்டான்ஷனும் சரின்னு விடலாமா?

லூமுட்_பென்ஷன்

விடக்கூடாது. அந்தப் போல்ட்டே அதற்குப் பதில். ஈர மரத்துக்குள் காற்றில்லாத இடுக்கில்தான் அது அரிக்கப்பட்டது, மேலிருந்து யாருக்கும் தெரிந்திருக்காது. ஆடவில்லை என்றால் டெக் இன்னும் இறுகப் பிடித்திருக்கிறது என்று மட்டுமே பொருள். போல்ட்டைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. ஸ்குரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் ஒவ்வொரு தட்டைச் சுற்றியும் டெக்கைத் தட்டுங்கள். கணீர் என்றால் உலர்ந்தது. பொத் என்றால் ஈரம், அந்த எல்லையைப் பென்சிலால் கோடிடுங்கள். கணீர் என்று கேட்டாலும், பக்கத்துக்கு ஒன்றாவது கழற்றிப் பாருங்கள். அதில் அரிப்பு இருந்தால் எல்லாவற்றையும்.

பழுது பார்ப்பது பற்றி. கூழ் விரலகலத்துக்கு மட்டும் பரவியிருந்தால் துளை வழியாகவே சுரண்டலாம். ஆலன் சாவியைத் துளையில் விட்டு டிரில்லில் சுழற்றினால், சுற்றிலும் 15, 20 மில்லிமீட்டர் மரம் தூளாகி வரும். அதற்குமேல் பரவியிருந்தால் கீழ் ஃபைபரை வெட்டியெடுத்து மரத்தை மாற்ற வேண்டும், குறுக்கு வழி இல்லை.

பிறகு உலர்த்துங்கள். இதில்தான் எல்லாரும் அவசரப்படுவார்கள். பிற்பகல் மழை பெய்கிற நம் ஊரில் திறந்த துளை நாளுக்குநாள் நனையும். மேலே கான்வாஸ் கட்டி, உள்ளே மின்விசிறி வைத்து, வாரக்கணக்கில் பொறுங்கள். உலர்ந்ததும் கீழ்த் துளையை டேப்பால் மூடி, முதலில் வெறும் இப்பாக்ஸிப் பசையை ஊற்றி மர விளிம்பைக் குடிக்கவிட்டு, பின் சிலிக்காத் தூள் கலந்து கெட்டியாக்கி நிரப்புங்கள். ஒரே ஊற்றில் நிரப்ப வேண்டாம். நம் வெயிலில் ஒரு கப் இப்பாக்ஸி கையிலேயே புகைவிடும். மெதுவாக இறுகும் ஹார்டனர் வாங்கி, சிறுகச் சிறுக. இறுகியதும் அதன் நடுவே புதுத் துளை. இனி தண்ணீர் இறங்கினாலும் மரத்தைத் தொடாது, நட்டை இறுக்கினாலும் டெக் அமுங்காது.

கீழே பேக்கிங் தட்டு, அடித்தட்டைவிடச் சுற்றிலும் பெரிதாக. ஜி10 ஃபைபர் தட்டு நல்லது, அழுகாது. அலுமினியம் போட்டால் ஸ்டெயின்லெஸ் நட்டு தொடுமிடத்தில் அரிக்கும். பிளைவுட் வேண்டாம், பலனை நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

மில்பிட்டர்

பென்ஷன் ஐயா, தட்டு ஜி10 சரி. ஆனா அடித்தட்டையே 6 மில்லிமீட்டர் கனத்துல புதுசா வெட்டி, மூணு போல்ட்டுக்குப் பதில் நாலு போல்ட் போட்டுக் கொடுத்தா என்ன? மில்லுல எனக்கு ஒரு மதிய வேலை.

லூமுட்_பென்ஷன்

செய்யலாம், தட்டை அகலமாக்கினால். கனமாக்குவதால் மட்டும் பயனில்லை. என் கணக்கில் அந்த 60 மில்லிமீட்டர்தான் குறை. அதை 90 ஆக்கினால் பிடுங்கும் இழுப்பு மூன்றில் ஒரு பங்கு குறையும். உங்கள் 6 மில்லிமீட்டர் தட்டைப் பழைய அளவிலேயே வெட்டினால் தூண் உறுதியாக நிற்கும், டெக் கிழியும். மேலும் நடைவழியில் அகலத் தட்டு கால் விரலைப் பதம் பார்க்கும், அதையும் யோசியுங்கள்.

மில்பிட்டர்

ஒத்துக்கிறேன், அகலம்தான். வெளி ஓரத்துல இடமில்லன்னா உள்பக்கம் நீட்டலாம். 316எல் தட்டு கிடைச்சா வெல்டு ஓரத் தொல்லையும் குறையும், அதுல கார்பன் ரொம்பக் கம்மி.

ஹார்டுவேர்_சித்தியவான்

கடையில நிக்கிறவன் சொல்றேன். போல்ட் தலையில ஏ4-70னு குத்தியிருந்தா 316 ரகம், ஏ2-70னா 304. பெட்டி மேல எழுதினதை நம்பாதீங்க, தலையைப் பாருங்க. காந்தம் வெச்சுப் பார்க்கிறதும் சரிவராது, ரெண்டு ரகமும் காந்தத்துல ஒட்டாது, போல்ட்டா உருட்டினதுக்கு அப்புறம் ரெண்டும் லேசா ஒட்டவும் செய்யும்.

சீலன்ட்டுக்கு பியூட்டைல் டேப் கேட்டு வாங்குங்க. கூரைக்கு விக்கிற கறுப்பு டேப் நிறைய தார் கலந்தது, வெயில்ல இளகி வழியும். மரைக்கு லானோலின் கிரீஸ் ஒரு சொட்டு. ஸ்டெயின்லெஸ் நட்டு ஸ்டெயின்லெஸ் போல்ட்டுல வேகமா சுத்தினா பாதியிலேயே கடிச்சுக்கிட்டு நிக்கும், அப்புறம் அறுக்கத்தான் வேணும். பவர் டூல் வேணாம்.

ஆயர்தாவார்_தம்பி

பியூட்டைலா, பாலியூரத்தேனா? யார்டுல எல்லாரும் பாலியூரத்தேன்ங்கிறாங்க.

காற்றோடு

அடுத்த தடவை நீயே கழட்டுவேன்னா பியூட்டைல். பாலியூரத்தேன் ஒட்டும், ஒட்டினது ஒட்டினதுதான், தட்டை எடுக்கும்போது ஃபைபர் தோலோட வரும். ஸ்டான்ஷன் அப்பப்போ எடுத்துப் பார்க்க வேண்டிய பொருள். டெக் துளை வாயைக் கொஞ்சம் சாய்வா குடைஞ்சுக்கோ, போல்ட் கழுத்துல டேப்பைச் சுத்தி வெச்சா அந்தக் குழியில போய் அடைஞ்சுக்கும். ஒரே நாள்ல இறுக்காதே. இன்னிக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம், பிதுங்கி வர்றது நிக்கும்வரை.

வாசல் பகுதியையும் பாரு. ஏறி இறங்க வயரைத் திறக்கிற இடத்துல பெலிக்கன் ஹூக் இருக்கும். அதோட ஸ்பிரிங் செத்தா, பாய்க் கயிறு உரசினாலே திறந்துக்கும். வாசல் தூண் ரெண்டுக்கும் சாய்வுக் கால் இருக்கணும், அங்கதான் இழுப்பு ஒரு பக்கமா விழுது. வயரை இறுக்குற திருகு, டர்ன்பக்கிள், அதுல பின் எல்லாம் எண்ணிப் பாரு, காணாம போயிருந்தா அது தானா திரும்பித் தளரும். பின் முனைக்கு டேப் சுத்து, காலைக் கிழிக்கும். பின்பக்க முனையை டர்ன்பக்கிளுக்குப் பதில் மெல்லிய கயிற்றுக் கட்டா போடுறது எனக்குப் பிடிக்கும், 100 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். ஆள் தண்ணியில விழுந்தா கத்தியால வெட்டி வயரை இறக்கிட்டு ஆளை உருட்டி ஏத்தலாம். 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல ஒரு ஈர ஆளைத் தூக்கிப் பாரு, தெரியும்.

இவ்வளவும் பண்ணிட்டு, உடம்புல கட்டுற பாதுகாப்பு வாரோட (ஹார்னஸ்) கொக்கியை இந்த வயர்ல மாட்டாதே. அதுக்கு டெக்குல படுக்கையா ஓடுற ஜாக்ஸ்டே பட்டை வேற. சுமத்ரா பக்கமிருந்து வர்ற புயல்காத்து விடியக்காலையில அடிக்கும்போது எல்லாரும் அரைத்தூக்கத்துல மேலே வருவாங்க. மாட்டிக்கிட்டுத்தான் வரணும், முக்கியமா ஓரத்துல நின்னு ஒண்ணுக்குப் போற வீரருங்க.

செம்பனை

அக்கா, என்னைப் பார்த்தா எழுதினீங்க? சரி, ஒரு நிஜமான கேள்வி. கட்டினவன் கெட்டிக்காரன், வித்தவங்க நல்லா வெச்சிருந்தவங்கன்னா, இடது பக்கம் மட்டும் ஏன் போச்சு?

லூமுட்_பென்ஷன்

நல்ல கேள்வி. பெரும்பாலும் ஏறுகிற பக்கம். டிங்கி என்ற சின்னப் படகிலிருந்து எழுந்து நிற்கிறவர் கைக்கு முதலில் எட்டுவது தூணின் நுனி, அதைப் பிடித்துத்தான் உடம்பை இழுத்து ஏறுவார். யார்டிலும் ஜெட்டியிலும் படகைத் தள்ள அதையே பிடிப்பார்கள். படகு உரசாமல் இருக்கத் தொங்கவிடும் ஃபெண்டரையும் நுனியில் கட்டுவார்கள், ஒவ்வொரு அலைக்கும் அது ஆட்டும். ஃபெண்டரைத் தூணின் அடியில் கட்டுங்கள், ஏற ஏணி வையுங்கள், படகைத் தள்ள அதன் உடலில் கை வையுங்கள்.

ஆயர்தாவார்_தம்பி

நிஜம்தான் அங்கிள், ஏணி இடது பக்கம்தான் தொங்குது. பத்தையும் திறக்கிறதுன்னு முடிவு. வயர் 4 மில்லிமீட்டர் உறையில்லாதது. கடைசியா ஒண்ணு: எடுத்த ரெண்டு குழாயில ஒண்ணு அடியிலிருந்து ஒரு கையளவு மேல லேசா வளைஞ்சிருக்கு. நிமிர்த்தலாமா?

மில்பிட்டர்

நிமிர்த்தாதே. வளைஞ்ச இடம் ஏற்கெனவே இழுபட்டு இறுகிப் போயிருக்கும், திரும்ப வளைச்சா அங்கேயே பிளக்கும். புதுக் குழாய் வெட்டிக்கலாம், 316 ரகத்துல. வளையாத பழைய குழாயை அளவுக்குக் கொண்டு வா, கூட்டையும் சேர்த்து, உள் விட்டம் பார்க்கணும். வயர் துளை வாயை நான் உருட்டித் தர்றேன். கூட்டுக்கு அடியில தண்ணி வடியுற சின்னத் துளை அடைஞ்சிருக்கான்னு பாரு, எல்லாத்துலயும் அடைஞ்சுதான் இருக்கும். சனிக்கிழமை பாதி நாள்தான் வேலை, ரெண்டு மணிக்கு மேல வா.

ஆயர்தாவார்_தம்பி

வர்றேன் அண்ணே. டை ஸ்ப்ரே நீங்க வெச்சிருக்கீங்களா, நான் வாங்கிட்டு வரணுமா?

மில்பிட்டர்

கிளீனர் இருக்கு. சிவப்பும் வெள்ளையும் ஒவ்வொரு டின் வாங்கிட்டு வா. பத்து அடித்தட்டுக்கு அது தாராளம்.